கிங்ஸ்லி எண்ணிய சுற்று

“ரெண்டரைகூட வரல அண்ணாச்சி. ரெண்டரைக்கும் கீழதான் நிக்கி.”

“அப்படின்னா?”

“அப்படின்னா இது அம்பாசிடர் அச்சே கெடையாது.”

“பாக்க அதே மாதிரிதானவே இருக்கு?”

“கூடு அதே கூடுதான். உள்ள பல்லு மாறியிருக்கு. எவனோ எதையோ எடுத்து எதுலயோ சொருகி வச்சிருக்கான். இத வச்சிக்கிட்டு நீங்க மலை ஏற முடியாது. புளியரை தாண்டி மொத வளைவு ஏறுததுக்குள்ள கிளட்ச் கருகிரும்.”

குரல் காருக்கு அடியிலிருந்து வந்தது. வெளியே தெரிந்தவை இரண்டு கால்களும் தேய்ந்த ரப்பர் செருப்புகளும்தான். குடையை ஊன்றிக்கொண்டு குனிந்து அந்தக் கால்களிடம் பேசிக்கொண்டிருந்தவர் வடகரைப் பரமசிவன். பட்டாளத்தில் இருந்து வந்தவர். குனிந்தபோதும் முதுகு வளையாமல் இடுப்பில்தான் மடிந்தார். அடியில் கிடந்தவன் கிங்ஸ்லி. இலத்தூர் விலக்குப் பக்கம் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை நடத்துகிறவன். இரண்டு கிளாஸ் டீயோடு வீட்டுப் பின்வாசல் வழியாகக் கொட்டகைக்குள் வந்த அவன் பெண்டாட்டி பெர்சிஸ் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

அவள் கண் வண்டியின் பின்சக்கரங்களில் இருந்தது. இடதுசக்கரம் ஜாக்கியில் தூக்கி நின்றது. வலதுசக்கரம் தரையில் இருந்தது. அது உருளாமலிருக்க முன்னாலும் பின்னாலும் செங்கல் கொடுத்திருந்தது.

சாரல் கனத்துப் பெய்துகொண்டிருந்தது. ஐந்தருவிக்குப் போகிற வேன்களும் கார்களும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரோட்டில் ஊர்ந்தன. குளித்துவிட்டு வந்தவர்களின் ஈரத் துண்டுகள் ஜன்னல்களில் ஒட்டிக் கிடந்தன. சீசன் நேரத்தில் இந்த வண்டிகளில் பாதியாவது ஒருமுறை கிங்ஸ்லியின் கொட்டகைக்குள் நுழைந்து போகும். “கிங்ஸ்லி பாத்தாச்சா?” என்று ஒரு டிரைவர் கேட்பான். “பாத்தாச்சு” என்று மற்றவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. வண்டி மலை ஏறிவிடும்.

பரமசிவனின் அம்பாசிடர் பழைய மாடல். அவருடைய அப்பா ஒரு எஸ்டேட் மேனேஜரிடமிருந்து வாங்கியது. வடகரைத் தென்னந்தோப்பில் அதற்கென்றே ஓடு போட்ட ஒரு கொட்டாய் இருக்கிறது. ஆடி பிறந்தால் அவரும் அவர் மனைவி முப்பிடாதியம்மாளும் அந்த வண்டியில்தான் மலை தாண்டிக் கோயிலுக்குப் போவார்கள். போன மாசம் வெள்ளோட்டம் பார்க்கப் போனபோது புளியரை ஏற்றத்தில் பின்னச்சு உடைந்துபோனது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். தென்காசியில் பழைய இரும்பும் வண்டிச் சாமானும் விற்கிற ஆக்கர் கடை வைத்திருக்கும் சுந்தரபாண்டியன் தேடிப் பிடித்து, பழைய மாடல் அச்சு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கிங்ஸ்லி அதை மாட்டினான். மாட்டியபின், இன்று காலை பரமசிவன் வருமுன்பே, வழக்கம்போலச் சோதித்தும் பார்த்தான்.

சோதனை பெரிய வித்தை ஒன்றுமில்லை. கியர்பெட்டியிலிருந்து பின்னச்சுக்கு ஒரு தண்டு போகிறது. சக்கரம் ஒருமுறை சுற்ற அந்தத் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. பழைய அம்பாசிடரில் ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வரும். பின்னால் வந்தவற்றில் நாலரை. எண் கூடக்கூட வண்டி மெதுவாகப் போகும். ஆனால் பாரத்தோடு மலை ஏறும். தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு, சக்கரத்தில் ஒரு கோடு. சுற்றிவிட்டு எண்ண வேண்டியதுதான்.

ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிச் சுற்றினால் தண்டு பாதிதான் சுற்றும். தரையில் நிற்கிற சக்கரம் மற்ற பாதியைத் தின்றுவிடும். அதனால் தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். கல்யாணமான புதிதில், பட்டறையில் கூடமாட ஆள் இல்லாத நாட்களில், கிங்ஸ்லிதான் இதைப் பெர்சிஸுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவன் அடியில் படுத்துக்கொண்டு தண்டைப் பார்ப்பான். அவள் சக்கரத்தைச் சுற்றுவாள். “ஒத்தச் சக்கரம், ரெண்டு சுத்து” என்று ஜெபம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே சுற்றுவாள்.

பெர்சிஸ் டீயை நீட்டினாள். பரமசிவன் கிளாஸைக் கையில் வாங்கினாரே தவிர குடிக்கவில்லை. சுந்தரபாண்டியனுக்குப் போன் போட்டார். அவன் சத்தியம் செய்வது ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. இவர் சத்தியத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பெண்டாட்டியை வைத்துக்கொண்டு மலை ஏறியிருந்தால், பாதி ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டிருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அடுத்ததாக மகன் மணிமுத்துவுக்குப் போட்டார். மணிமுத்து போலீஸில் இருக்கிறான். ஆக்கர் கடைக்காரன் ஒருத்தன் ஏமாற்றுகிறான், சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு விசாரி என்றார்.

“கிங்ஸ்லி சொல்லுதான் மக்கா. நானா சொல்லுதேன்? கிங்ஸ்லி எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுதான்.”

அவர் ஆட்டோ ஏறிப் போனபின் பெர்சிஸ் கிளாஸ்களை எடுக்கிற சாக்கில் வண்டியருகே வந்தாள். கிங்ஸ்லி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. கொஞ்ச நாளாக அந்த முகத்தில் இல்லாத சந்தோஷம். அதைப் பார்த்துக்கொண்டு கேட்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“காலையில யாரு சக்கரத்தச் சுத்துனது?”

“நாந்தான். ஏன்?”

“எத்தன சுத்துச் சுத்துனீய?”

“இது என்னட்டி கேள்வி? ஒரு சுத்துக்கு எத்தனன்னுதான கணக்கு. ஒரு சுத்துதான் சுத்துனேன்.”

அவள் தரையில் நின்ற வலதுசக்கரத்தைப் பார்த்தாள். அவனும் அவள் பார்வையைத் தொடர்ந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தான். செங்கல் சரியாக இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா நிக்கி, உருளாது” என்றான்.

மத்தியானம் நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. கிங்ஸ்லிக்கு மழை நாளில் அது இருந்தால் போதும். கூட ஒரு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு பேசாமல் சாப்பிட்டுவிடுவான். இன்று நிறையப் பேசினான். ஆக்கர் கடைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான், பார்த்தால் தெரியாது என்று நினைத்துவிடுகிறார்கள் என்றான். மகள் கிறிஸ்டி நாகர்கோவிலில் நர்ஸிங் படிக்கிறாள். அவள் போன் பண்ணினாளா என்று கேட்டான். பெர்சிஸ் காலையில் பண்ணினாள் என்றாள். இன்னொரு கவளம் சாப்பிட்டுவிட்டு, கிறிஸ்டி போன் பண்ணினாளா என்று கேட்டான். பண்ணினாள் என்று அதே குரலில் சொன்னாள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில்தான் இது தொடங்கியது. ஒரு ஆம்னிக்கு எண்ணெய் மாற்றிவிட்டு அடிப்பக்கத்துப் போல்டைப் பூட்ட மறந்தான். ஊற்றின எண்ணெயெல்லாம் இலஞ்சி வரைக்கும் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டு போனது. டிரைவர் சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தான். கிங்ஸ்லியண்ணனுக்கும் வயசாவுதுல்லா என்றான். மே மாசத்தில் ஒருநாள் செங்கோட்டைக்கு பேரிங் வாங்கப் போனவன் மதியம்வரை வரவில்லை. பெர்சிஸ் தேடிப் போனபோது சந்தை முக்கில் ஒரு பலாப்பழக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தான். எந்தப் பக்கம் போவதென்று யோசித்தேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். பழக்காரி மலையாளமும் தமிழுமாக, “சேட்டன் ரொம்ப நேரமா இங்கனதான் நிக்காரு” என்றாள்.

பாளையங்கோட்டை டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். மாசங்களின் பேரைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். “நான் பட்டறை வச்சிருக்கேன் டாக்டர், காலண்டர் கடை வைக்கல” என்றான் கிங்ஸ்லி. டாக்டரும் சிரித்தார். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பெர்சிஸிடம் பேசியபோது அவர் சிரிக்கவில்லை. இது இனிமேல் கூடிக்கொண்டுதான் போகும் என்றார். அடுத்தவர் உயிர் தொங்கி நிற்கிற வேலையிலிருந்து மெல்ல விலக்குங்கள் என்றார். எப்படி விலக்குவது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கிறிஸ்டியிடம்கூட. அதற்குப் பதிலாகச் சாயங்காலம் அவன் குளிக்கப் போனதும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவாள். அன்றைக்கு அவன் தொட்ட வண்டிகளின் சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்ப்பாள். பெரும்பாலும் இறுகியே இருக்கும். அப்போது கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்வாள். இரண்டு தடவை கையோடு சுழன்றன.

“நாளைக்கு அந்த ஸ்கூல் வேன் வருதுல்லா?” என்றாள், குழம்பை ஊற்றிக்கொண்டே.

“ஆமா. பிரேக்கு.”

“வேற பட்டறைக்கு அனுப்பிருவமா? ஒங்களுக்கும் மேலுக்கு முடியல.”

“எனக்கு என்ன முடியல?” அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். “இன்னைக்குப் பாத்தேல்லா. ஒருத்தன் ஏமாத்துனத ஒத்த எண்ணுல பிடிச்சேன். மூளை ஒழுங்கா இல்லாதவன் பிடிப்பானா? ஒன் டாக்டர்ட்ட போய்ச் சொல்லு.”

அவளுக்கு அப்போதுதான் அந்தச் சந்தோஷத்தின் அர்த்தம் விளங்கியது. டாக்டர் வெளியே உட்காரச் சொன்ன அன்றிலிருந்து அவன் தன்னைத்தானே சோதித்துக்கொண்டிருந்திருக்கிறான். இன்று தேறிவிட்டதாக நினைக்கிறான்.

சாப்பிட்டதும் அவன் படுத்துவிட்டான். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. சுந்தரபாண்டியன். தலையில் பாலித்தீன் பையைக் கட்டியிருந்தான். உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை. காலெல்லாம் சகதி என்று சொல்லி, கொட்டகை விளிம்பில் தகரத்திலிருந்து வடிகிற தண்ணீருக்கு அந்தப் பக்கமே நின்றான்.

“அண்ணன் தூங்குதாகளா?”

“இப்பந்தான் படுத்தாக. எழுப்பட்டா?”

“வேண்டாம் அக்கா.” கொஞ்ச நேரம் அந்த அம்பாசிடரையே பார்த்தான். “நான் மூடியக் கழத்திப் பல்லு எண்ணித்தான் குடுத்தேன். ஒரு பல்லுல பெயிண்டு வச்சிட்டுத்தான் எண்ணுனேன். சின்னதுல எட்டு, பெருசுல முப்பத்தொம்பது. வகுத்தா அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி. பழைய அச்சுதான். அப்படித்தான் நெனச்சேன்.”

“பின்ன என்ன?”

“அண்ணன் இல்லன்னுட்டாகளே. அண்ணன் சொன்னா அதுல மாத்தம் இருக்காது. நாந்தான் எண்ணத் தெரியாம எண்ணியிருப்பேன் போல.” அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். “அச்சத் திருப்பி எடுத்துக்கிடுதேன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன். அவுக மகன் அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுதாக. ஆக்கர் கடைக்காரன் ஒரு தடவ ஸ்டேஷன் படி ஏறிட்டா அவ்வளவுதான் அக்கா. அதுக்கப்புறம் ஊருல எங்க மோட்டாரு திருடு போனாலும், எவன் வயர அறுத்தாலும் மொதல்ல எங்கடை ஷட்டரத்தான் தூக்குவாங்க. அண்ணன் ஒரு வார்த்த மணிமுத்துகிட்ட, வேணும்னு செஞ்சிருக்க மாட்டான்னு சொன்னா போதும். அத மட்டும் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

பெர்சிஸ் எழுந்ததும் சொல்கிறேன் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு, இந்த மழையில் வண்டி கிளம்பாமல் நாலைந்து தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போனான். தன் கணக்கு சரி என்று அவன் சண்டை போட்டிருந்தால் அவளுக்குத் தாங்க முடிந்திருக்கும். தன் கணக்கைத் தானே தப்பென்று ஒப்புக்கொண்டு போகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் முடியவில்லை.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தாள். கைப்பிரேக்கை இறக்கினாள். செங்கல்களை இன்னும் நெருக்கி வைத்தாள். கிங்ஸ்லிபோல் அடியில் கிடந்தபடியே கையை எட்டிச் சக்கரத்தைச் சுற்றித் தண்டைப் பார்க்க அவளால் முடியாது. அதற்கு அவர்களிடம் ஒரு வழி உண்டு. கிறிஸ்டி வயிற்றில் இருந்த சமயத்தில், அவளால் குனிய முடியாத மாசங்களில், கிங்ஸ்லி கண்டுபிடித்தது. பழைய டியூபிலிருந்து விரலகல ரப்பர் நாடா ஒன்றை வெட்டித் தண்டில் கட்டுவார்கள். அடியில் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைப்பார்கள். தண்டு ஒவ்வொரு சுற்று வரும்போதும் நாடாவின் நுனி டின்னில் அடித்துவிட்டுப் போகும். பார்க்க வேண்டியதில்லை, காது போதும்.

டியூபை வெட்டினாள். வண்டிக்கு அடியில் சரிந்து படுத்து நாடாவைக் கட்டினாள். மண்ணின் ஈரம் முதுகில் ஏறியது. டின்னை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். நாடா டின்னில் ஒருமுறை தட்டிவிட்டு விலகும்படி வைத்து, வெளியே வந்து, சக்கரத்தில் காலையில் கிங்ஸ்லி போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் கீழே கொண்டுவந்தாள்.

சக்கரம் கனமாக இருந்தது. இரண்டு கைகளாலும் டயரைப் பிடித்து மெல்லச் சுற்றினாள்.

டொக்.

டொக்.

கோடு கீழே வந்தது. மூன்றாவது தட்டு விழவில்லை. இதைத்தான் அவன் காலையில் பார்த்திருக்கிறான். அவள் நிறுத்தாமல் சுற்றினாள். மூன்று. நான்கு. கோடு இரண்டாம் முறை கீழே வந்தபோது நாடாவின் நுனி டின்னை நெருங்கி, ஐந்தாவது தட்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தரத்தில் நின்றது.

ஐந்துக்குச் சற்றுக் குறைவு. சுந்தரபாண்டியன் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான்.

அவள் அப்படியே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாரல் தகரத்தில் ஓயாமல் இரைந்தது.

“இன்னொருக்கா சுத்து.”

திரும்பினாள். பின்வாசல் நிலையைப் பிடித்தபடி கிங்ஸ்லி நின்றான். இடுப்பில் தூக்கத்தில் கசங்கிய சாரம், தலையெல்லாம் கலைந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அந்தச் சத்தம் எந்தத் தூக்கத்துக்குள்ளும் போய் அவனைத் தொட்டுவிடும் என்பதை அவள் யோசிக்காமல் போனாள்.

“நீங்க படுங்க. நான் சும்மா...”

“சுத்துட்டி.”

அவள் சுற்றினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஒவ்வொரு தட்டுக்கும் உதடு அசைந்தது. சக்கரம் இரண்டு சுற்று முடிந்து நின்றபோது அவன் கண்ணைத் திறந்து தூக்கி நின்ற சக்கரத்தைப் பார்த்தான். பிறகு தரையில் நின்ற சக்கரத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் அது எழுந்து வருவதை அவள் பார்த்தாள். பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று தோன்றியது. திருப்பவில்லை.

“ஒத்தச் சக்கரம்,” என்றான்.

அவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள்.

அவன் வந்து ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டான், அவற்றில் ஏதோ குறைகிறதுபோல.

“நட்டெல்லாம் நீ முடுக்குதன்னு எனக்குத் தெரியும்,” என்றான். “ஸ்பானரு வச்ச எடத்துல இருக்காது. மொதல்ல நாந்தான் எடம் மாத்தி வச்சிட்டேன்னு நெனச்சேன். அப்புறம் ஒருநாள் குளிச்சிட்டு வரும்போது பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

சுந்தரபாண்டியன் வந்துவிட்டுப் போனதை அவள் சொன்னாள். ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருப்பதைச் சொன்னாள். அவன் தன் கணக்குதான் தப்பென்று ஒப்புக்கொண்டதையும் சொன்னாள். கிங்ஸ்லி எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “பாவம், நல்ல பய” என்றான். பரமசிவனுக்குப் போன் போடச் சொன்னாள். போட்டுத் தருகிறேன், நீங்களே பேசுங்கள் என்று சொல்லிப் போனை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. என்னவென்று சொல்ல என்று கேட்டான். எண்ணத் தெரியவில்லை என்று சொன்னால் நாளைக்கு இந்தக் கொட்டகைக்குள் ஒரு சைக்கிள்கூட வராது என்றான். வராமலிருந்தால்தான் என்ன என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

போனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ரோட்டில் ஒரு பைக் வேகத்தைக் குறைத்து விலக்கில் திரும்பியது. மணிமுத்து. ரெயின்கோட்டுக்குக் கீழே காக்கிப் பேண்ட் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் சுந்தரபாண்டியன் உட்கார்ந்திருந்தான், தலையில் இப்போது பாலித்தீன் பைகூட இல்லை. பின்னாலேயே ஒரு ஆட்டோவில் பரமசிவன். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகுமுன் கிங்ஸ்லி வாயால் நேருக்கு நேர் ஒருதரம் சொல்லட்டும் என்று கூட்டி வந்திருக்கிறார்கள்போல. மணிமுத்து பைக்கை ஸ்டாண்ட் போட்டான். சுந்தரபாண்டியன் இறங்கி, இறங்கின இடத்திலேயே மழையில் நின்றான். பரமசிவன் ஆட்டோக்குள்ளிருந்து குடையை விரிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

கிங்ஸ்லி டயரிலிருந்து எழுந்தான். எழுந்தவன் பெர்சிஸின் பக்கம் ஒரு எட்டு வைத்து, அவள் சேலைத் தலைப்பைச் சின்னப் பிள்ளைபோல் பிடித்துக்கொண்டான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அடுத்தவர் பார்க்க அவன் அவளைத் தொட்டதில்லை.

“பெர்சி,” என்றான், அவர்களுக்குக் கேட்காத குரலில். “காலையில சக்கரத்தச் சுத்துனது நீயின்னு சொல்லிருதியா? ஒரு சுத்து சுத்திட்டு எங்கிட்ட ரெண்டுன்னு நீ சொல்லிட்டன்னு. நீ சொன்னா அவம் தப்பிச்சிருவான், நானும் பட்டறையில இருந்துக்கிடுவேன். இந்த ஒரு தடவ சொல்லு தாயி.”